ஒரு ஸ்பிரிங், ஒரு சுத்திகரிப்பு ஆலை: காப்புரிமை உண்மையில் எதைக் காக்கிறது?

தி.நகர் பாண்டி பஜார் பக்கம் ஏதாவது எலக்ட்ரிக் சாமான் கடைக்குள் நுழைந்தால் ஒரு அலமாரி முழுக்க டிரிம்மர், ஷேவர், எபிலேட்டர், ஹேர் டிரையர் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் பொடி எழுத்தில் ‘பேட்டன்ட்’ என்று போட்டிருக்கும். அங்கிருந்து மயிலாப்பூர் போகிற வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறோம். பங்கில் அந்த வார்த்தை எங்கேயும் கண்ணில் படாது. ஆனால் கச்சா எண்ணெய் பெட்ரோலாக மாறுகிற பாதையில் நூறு வருஷத்துக்கும் மேலான காப்புரிமைச் சண்டைகள் புதைந்து கிடக்கின்றன.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காப்புரிமை என்ற விஷயம் சட்டென்று புரிந்துவிடும். ஒன்று கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள். இன்னொன்று மதில் சுவருக்குப் பின்னால் நடக்கிற செய்முறை. சட்டம் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறது. நடைமுறையில் இரண்டும் வேறு வேறு உலகம். ஏதாவது புதிதாகச் செய்து வைத்திருக்கும் ஒருவர் தன்னுடையது இதில் எந்த உலகம் என்று தெரியாமல் விண்ணப்பம் போட்டால், கையில் சான்றிதழ் இருக்கும், பலன் இருக்காது.

முதலில் அடிப்படை

காப்புரிமை ஒரு பேரம். “நான் கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதித் தருகிறேன், பதிலுக்குக் கொஞ்ச காலம் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று எனக்கு உரிமை கொடு” என்று அரசிடம் கேட்பது. இந்தியாவில் அந்தக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம். அது முடிந்தால் ஊருக்கே பொது.

நம் ஊருக்கு இந்தப் பேரம் ஒன்றும் புதிதில்லை. 1856லேயே இங்கே ஒரு சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் முதலில் உரிமை கேட்டவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற எஞ்சினியர். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பங்கா இழுக்கும் மெஷினுக்கு! உடம்புக்குச் சுகம் தேடுகிற கருவியில்தான் இந்தியக் காப்புரிமையே தொடங்குகிறது.

இப்போது நடப்பில் இருப்பது 1970ஆம் வருஷச் சட்டம். தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களின் விண்ணப்பங்கள் சென்னை காப்புரிமை அலுவலகத்துக்கு வரும். கிண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிறது. அடையாறிலிருந்து ஐ.ஐ.டி.யைத் தாண்டி மேற்கே போனால் கொஞ்ச தூரம்தான். சாதாரண அலுவலகம் என்று நினைத்துவிட வேண்டாம். நோவார்ட்டிஸ் கம்பெனியின் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கான விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னை அலுவலகம்தான். அந்த வழக்கு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடியும் வரை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு காப்புரிமை ஆவணத்தில் படம் இருக்கும், விளக்கம் இருக்கும், கடைசியில் எண் போட்ட வாக்கியங்கள் சில இருக்கும். வக்கீல்கள் ‘கிளெய்ம்’ என்று சொல்கிற உரிமைக்கோரல்கள் இவைதான். உயிர் அங்கேதான் இருக்கிறது. முன்னால் உள்ள 30 பக்கமும் வீட்டின் வர்ணனை என்றால், உரிமைக்கோரல்தான் பத்திரத்தில் இருக்கிற நான்கெல்லை. நான்கெல்லைக்கு வெளியே ஒருவர் குடிசை போட்டால் நீங்கள் கேட்க முடியாது.

கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்

அன்றாடச் சாதனங்களில் பிரபலமான காப்புரிமை கிங் கேம்ப் ஜில்லெட்டின் ரேசர். 1901ல் விண்ணப்பித்து, 1904 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் கிடைத்தது. மெல்லிய பிளேடு, மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். விற்பனை தொடங்கிய 1903ல் மொத்தம் போனது 51 ரேசர், 168 பிளேடு. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. யோசனை ஜில்லெட்டுடையது. ஆனால் காகிதம் போல மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கி, கூர் தீட்டி, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி தயாரிப்பது எப்படி என்று வழி கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற எஞ்சினியர். ரேசரைக் கையில் வாங்கிப் பார்க்கிறவருக்கு அதன் வடிவம் உடனே தெரிந்துவிடும். பிளேடை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பது மட்டும் தெரியாது. ஒரே பொருளுக்குள்ளேயே வெளியே தெரிவது ஒன்று, தெரியாதது ஒன்று.

1921ல் அந்தக் காப்புரிமை காலாவதி ஆனது. இனி யார் வேண்டுமானாலும் போடலாம். ஜில்லெட் கம்பெனி என்ன செய்தது? அந்த வருஷமே புது மாடல் ஒன்றைப் பழைய விலைக்குக் கொண்டுவந்து, பழைய மாடலை ஒரு டாலருக்கு இறக்கிவிட்டது. காலாவதித் தேதி முன்கூட்டியே தெரியும், அதனால் முன்கூட்டியே தயாராகலாம் என்பது இதில் இருக்கிற பாடம்.

தமிழ்நாட்டிலும் ஒரு ரேசர் கதை இருக்கிறது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, 1893ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர், ‘ரேசன்ட்’ என்ற எலக்ட்ரிக் ரேசரை உருவாக்கினார். டிரை செல் பேட்டரியில் ஓடுகிற குட்டி மோட்டார் அதற்குள் இருந்தது. மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று அவர் பட்டியல் நீளம். இன்று தி.நகர் அலமாரியில் இருக்கிற டிரிம்மருக்கு நம் மண்ணிலேயே ஒரு தாத்தா உண்டு என்று சொல்லலாம்.

ஸ்பிரிங்கா, ரப்பரா?

பொருள் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் காப்பியடிப்பது சுலபம். காப்பியடித்தவரைப் பிடிப்பதும் சுலபம். அப்போ பிரச்சினை எங்கே? வார்த்தையில். இதற்கு எபிலேடி வழக்கை விட நல்ல உதாரணம் கிடையாது.

எபிலேடி என்பது 1980களில் இஸ்ரேலிலிருந்து வந்த முடி நீக்கும் கருவி. உள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங். அதை வில் மாதிரி வளைத்து மோட்டாரால் வேகமாகச் சுழற்றுவார்கள். வளைந்த ஸ்பிரிங்கில் வெளிப்பக்கம் சுருள்கள் விரிந்திருக்கும், உள்பக்கம் நெருங்கியிருக்கும். விரிந்த இடத்தில் முடி உள்ளே நுழையும், சுழன்று நெருங்கிய பக்கம் வரும்போது இறுகப் பிடித்து வேரோடு பிடுங்கிவிடும். கேட்கவே வலிக்கிறது. ஆனால் நன்றாக விற்றது.

அப்புறம் ரெமிங்டன் கம்பெனி ஒரு கருவி கொண்டுவந்தது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் தண்டு. தண்டில் வரிசையாகக் கீறல்கள். வளைத்துச் சுழற்றினால் வெளிப்பக்கக் கீறல் திறக்கும், உள்பக்கம் மூடும். முடி மாட்டும், பிடுங்கும். வேலை அச்சு அசல் அதேதான். ஆனால் எபிலேடியின் உரிமைக்கோரலில் எழுதியிருந்தது ‘சுருள் ஸ்பிரிங்’.

இங்கிலாந்தில் இந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஹாஃப்மன் மூன்று கேள்வி கேட்டார். இந்த மாற்றத்தால் கருவி வேலை செய்கிற விதம் மாறுகிறதா? இல்லை. இது அந்தத் துறை தெரிந்தவருக்கு உடனே புரியக்கூடியதுதானா? ஆமாம். அப்படியானால், ‘சுருள் ஸ்பிரிங்’ என்று எழுதியவர் ஸ்பிரிங் மட்டும்தான் என்ற எண்ணத்தில் எழுதினார் என்று படிப்பவர் புரிந்துகொள்வாரா? ஆமாம், ரப்பர் தண்டை யாரும் ஸ்பிரிங் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே மீறல் இல்லை என்று தீர்ப்பு. அதே ஐரோப்பியக் காப்புரிமை, அதே ரப்பர் தண்டு. ஜெர்மனியில் மீறல்தான் என்றார்கள்!

கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த மூன்று கேள்விகள் இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தன. 2017ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே வேறொரு மருந்து வழக்கில் அவற்றைத் திருத்தி, காப்புரிமை வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் சாதகமாக மாற்றி அமைத்தது. இந்தியாவில் 1977லேயே ஒரு பிலிம் ஸ்ட்ரிப் வியூவர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், கண்டுபிடிப்பின் சாரத்தை எடுத்துக்கொண்டு சில்லறை மாற்றம் செய்தால் தப்பிக்க முடியாது என்ற வழியில் போயிருக்கிறது. இருந்தாலும் நீதிபதியின் தாராளத்தை நம்பி விண்ணப்பம் எழுதக் கூடாது. ‘வளைத்துச் சுழற்றும்போது ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடும் இடைவெளிகள் கொண்ட உறுப்பு’ என்று முதலில் அகலமாகக் கோரிவிட்டு, ‘அது சுருள் ஸ்பிரிங்காக இருக்கலாம்’ என்று அடுத்த வரியில் குறுக்கியிருந்தால் ரெமிங்டன் நிலைமை கஷ்டம்தான்.

மதிலுக்குப் பின்னால் நடக்கிற செய்முறை

இப்போது வடசென்னைக்கு வருவோம். மணலியில் இருக்கிற சுத்திகரிப்பு ஆலை, இன்று சி.பி.சி.எல். என்று நாம் சொல்வது, 1965ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் என்ற பெயரில் உருவான கம்பெனி. இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13. ஆலை 1969ல் வருஷத்துக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கியது. இன்று திறன் 105 லட்சம் டன்.

அமோகோ என்ற பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன் தாய்க் கம்பெனி ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் இண்டியானா. பெட்ரோலிய உலகின் மிக முக்கியமான காப்புரிமை ஒன்று பிறந்த வீடு அது.

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் அதில் இயல்பாக இருக்கிற அளவு பெட்ரோல்தான் கிடைக்கும். மீதியில் பெரும் பங்கு கனமான எண்ணெய். கார்கள் பெருகப் பெருக அந்தப் பெட்ரோல் போதவில்லை. இண்டியானா கம்பெனியின் வைட்டிங் ஆலையில் இருந்த வேதியியலாளர் வில்லியம் பர்ட்டன், கனமான எண்ணெயை மூடிய கலத்தில் வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு அழுத்தத்தில், சுமார் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினார். நீளமான மூலக்கூறுகள் உடைந்து சின்னதாகி பெட்ரோல் ஆயின. ‘கிராக்கிங்’ என்பது இதுதான். ஒரு பீப்பாயிலிருந்து கிடைக்கிற பெட்ரோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. கொதிக்கிற எண்ணெயை அழுத்தத்தில் வைப்பது வெடிகுண்டோடு விளையாடுவது மாதிரி என்பதால் நியூயார்க் தலைமை பணம் தரவில்லை. 1911ல் கோர்ட் உத்தரவால் ஸ்டாண்டர்ட் ஆயில் துண்டு துண்டான பிறகு, தனியான இண்டியானா கம்பெனி துணிந்து இறங்கியது. 1913 ஜனவரி 7 அன்று காப்புரிமை கிடைத்தது.

பர்ட்டன் கலத்தில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு ஈடு முடிந்ததும் அடுப்பை அணைத்து, அடியில் பிடித்த கரியைச் சுரண்ட வேண்டும். நிறுத்தாமல் தொடர்ந்து ஓடுகிற முறையைக் கொண்டுவந்தவர் கார்பன் பெட்ரோலியம் டப்ஸ். ஆமாம், பெயரே அதுதான்! அவர் அப்பாவின் காப்புரிமைகளை வைத்து 1914ல் தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் யு.ஓ.பி. என்று பெயர் பெற்றது. அது ஆலை நடத்திச் சம்பாதிக்கவில்லை. செய்முறையை லைசென்ஸ் கொடுத்தும் வழக்குப் போட்டும் சம்பாதித்தது. 1931ல் பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் சேர்ந்து 2.5 கோடி டாலர் கொடுத்து அதையே வாங்கிவிட்டன.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரஸ்யம். யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் வினையூக்கி போட்டு எண்ணெயை உடைக்கும் முறையை 1930களில் வணிக அளவுக்குக் கொண்டுவந்தார். லைசென்ஸ் விலை மிக அதிகம் என்று மற்ற கம்பெனிகளுக்குத் தோன்றியது. 1938ல் அவை கூட்டுச் சேர்ந்து வேறு வழி தேடின. ஹூட்ரி முறையில் வினையூக்கி ஒரே இடத்தில் இருக்கும். இவர்கள் அதைப் பவுடராக்கி, காற்றும் ஆவியும் தள்ளத் தண்ணீர் மாதிரி ஓட விட்டார்கள். கரி படிந்த பவுடர் இன்னொரு கலத்துக்குப் போய் கரியை எரித்துவிட்டுத் திரும்பி வரும். அந்த முதல் ஆலை 1942 மே மாதம் அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் ஓடியது. எஃப்.சி.சி. என்ற இந்த முறைதான் இன்று மணலி உள்பட உலகம் முழுக்க ஓடுகிறது. ரெமிங்டன் ரப்பரால் சுற்றிப் போனது மாதிரி இவர்களும் சுற்றித்தான் போனார்கள். ஒரு வித்தியாசம்: சுற்றிப் போன வழி நேர் வழியை விட நன்றாக அமைந்துவிட்டது.

பெட்ரோலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

செய்முறைக் காப்புரிமையின் அடிமடியில் இருக்கிற பிரச்சினை இதுதான். எபிலேட்டரை வாங்கி, ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே ஸ்பிரிங்கா ரப்பரா என்று அஞ்சு நிமிஷத்தில் தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோலை வாங்கி முகர்ந்து பார்த்தால் எந்தக் கலத்தில், எந்த வெப்பத்தில், எந்த வினையூக்கியில் உடைந்தது என்று தெரியுமா? பல ஆலைச் சரக்கு கலந்து வருகிற பெட்ரோலில் அது நடக்காத காரியம். உங்கள் செய்முறையை இன்னொருவர் தன் மதிலுக்குள் ரகசியமாக ஓட்டினால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

இதற்காகவே இந்தியச் சட்டத்தில் 104ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வழக்கமாகக் குற்றம் சாட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். செய்முறை வழக்கில், எதிராளியின் பொருள் உங்கள் செய்முறையில் வருகிற பொருளேதான் என்று முதலில் காட்டினால், அந்தச் செய்முறையில் வருவது புதுப் பொருளாக இருந்தாலோ, அல்லது அவர் உங்கள் முறையைத்தான் பயன்படுத்தியிருக்க நல்ல வாய்ப்பு இருந்து, முயன்றும் உங்களால் கண்டறிய முடியவில்லை என்றாலோ, “என் முறை வேறு” என்று நிரூபிக்கிற பொறுப்பை நீதிமன்றம் எதிராளி தலையில் வைக்கலாம். பெட்ரோல் புதுப் பொருள் இல்லை, ஆகவே இரண்டாவது வழிதான் மிச்சம். அது கரடுமுரடான பாதை.

அப்படியிருந்தும் இந்தத் துறையில் காப்புரிமை மதிக்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பல கோடி போட்டு ஆலை கட்டுகிறவருக்குக் காகிதத்தில் உள்ள வாக்கியம் மட்டும் போதாது. வடிவமைப்பு, வினையூக்கி, இயக்கப் பழக்கம், உத்தரவாதம் எல்லாம் வேண்டும். அது லைசென்ஸ் கொடுப்பவரிடம்தான் இருக்கிறது. இந்தியன் ஆயிலின் ஃபரிதாபாத் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘இண்ட்மேக்ஸ்’ இதற்கு நம் நாட்டு உதாரணம். கனமான எண்ணெயை உடைத்து சமையல் வாயுவும் லேசான ஓலிஃபின்களும் அதிகம் எடுக்கிற முறை. 2003ல் குவாஹாட்டி ஆலையில் தொடங்கி, பாரதீப்பில் பெரிய அளவில் ஓடுகிறது. லம்மஸ் என்ற பன்னாட்டுக் கம்பெனி வழியாக வெளிநாட்டுக்கும் லைசென்ஸ் போகிறது. 13 சதவீதப் பங்கோடு அமெரிக்கக் கம்பெனியை மெட்ராஸுக்கு அழைத்து வந்த நாடு, இன்று இன்னொருவருக்குச் செய்முறை விற்கிறது. மணலி ஆலையே இப்போது இந்தியன் ஆயில் குழுமத்தில்தான் இருக்கிறது.

நம்மூர்க் கண்டுபிடிப்பாளருக்கு

கிண்டி, தரமணி, அடையாறு வட்டாரத்தில் மட்டும் எத்தனை ஆய்வுக்கூடம், எத்தனை கல்லூரி! ஐ.ஐ.டி., அண்ணா பல்கலையின் ஏ.சி. டெக், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் என்று வரிசையாக இருக்கின்றன. அங்கே ஏதோ செய்துகொண்டிருக்கும் ஒரு மாணவிக்கு மேலே சொன்ன இரண்டு உலகமும் தரும் பாடத்தை இப்படிச் சுருக்கலாம்.

முதலாவது, வாயை மூடிக்கொண்டு முதலில் விண்ணப்பம். கல்லூரிக் கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டிவிட்டால் ‘புதுமை’ போச்சு. 12 மாதச் சலுகை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரை மாதிரி சில இடங்களுக்கு மட்டும். முழுசாகத் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழுமை செய்யலாம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். எழுதித் தருகிற ஏஜென்ட் கட்டணம் தனி.

இரண்டாவது, கருவி என்றால் 3(எஃப்) பிரிவைப் படியுங்கள். தெரிந்த சாமான்களைச் சும்மா சேர்த்து வைத்தால், ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் பழைய வேலையையே செய்தால், அது கண்டுபிடிப்பு இல்லை. டிரிம்மரில் டார்ச் லைட் ஒட்டினால் ஆகாது. செய்முறை என்றால் 3(டி): தெரிந்த செய்முறையை அப்படியே பயன்படுத்தினால், புதுப் பொருளாவது புது வினைபொருளாவது இருந்தால்தான் தாண்டும். புதுமை வெறும் தோற்றத்தில்தான் என்றால் அதற்கு டிசைன் பதிவு என்று தனி வழி இருக்கிறது.

மூன்றாவது, இதுதான் முக்கியம். உங்களுடையதைப் பார்த்தால் தெரியுமா, தெரியாதா? பார்த்தாலே தெரியும் என்றால் காப்புரிமை எடுங்கள், வார்த்தையை அகலமாகப் போடுங்கள். பார்த்தால் தெரியாது என்றால் உட்கார்ந்து யோசியுங்கள். விண்ணப்பித்தால் 18 மாதத்தில் உலகத்துக்கே வெளியாகும். எதிராளி படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் பிடிக்க முடியுமா? முடியாது என்றால் வீட்டு ரசப்பொடிப் பக்குவம் மாதிரி உள்ளேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமாக இருக்கலாம். ஆனால் இன்னொருவர் தானாகவே அதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைக்குப் போகிற நமக்கும் ஒரு வார்த்தை. பெட்டியில் ‘பேட்டன்ட்’ என்று இருந்தால் அது தரச் சான்று இல்லை. வலிக்காது, முடி திரும்ப வளராது என்று எந்தக் காப்புரிமை அலுவலகமும் சோதித்துப் பார்ப்பதில்லை. புதிதா, துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததா, தயாரிக்க முடிந்ததா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ‘பென்டிங்’ என்றால் அந்த முடிவுகூட இன்னும் வரவில்லை என்று அர்த்தம். காப்புரிமை இல்லாததை இருப்பதாக அச்சிடுவது சட்டத்துக்கு விரோதம். எண் கொடுத்திருந்தால் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். பார்த்தால் படங்களில் மயங்காமல் நேராகக் கடைசிப் பக்கத்து உரிமைக்கோரலுக்குப் போங்கள். அந்த முதல் வாக்கியத்தில் எந்தச் சொல்லை மாற்றினால் வெளியே போய்விடலாம் என்று தேடிப் பாருங்கள். ‘சுருள் ஸ்பிரிங்’ மாதிரி ஒரு சொல் அனேகமாக அகப்படும்.